எழுதியதை நீங்களே திருத்திக்கொள்ள: படிப்பவரை உறுத்தும் தமிழ்ப் பிழைகளுக்கு முழுமையான வழிகாட்டி

அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் எனக்குப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், ஊர்க்காரர் ஒருவர் சொந்தச் செலவில் போடும் கவிதைப் புத்தகம் என்று எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ஒருமுறை ஒரு பத்திரிகை ஆயிரம் படி அச்சாகி, மடித்து, உறையிலும் போட்டாகிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வந்து ஒன்றை எடுத்துப் பிரித்தார். 'மணவிழா' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மனவிழா' என்று இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு, "இதை எப்படிம்மா ஊர்ல குடுக்குறது?" என்று மட்டும் கேட்டார். ஆயிரத்தையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் எதையும் ஒரே மூச்சில் படித்துத் திருத்துவதை விட்டேன். ஒரு சுற்றில் ஒரு வகைப் பிழையை மட்டும் தேடுவது என்று வரிசை வைத்துக்கொண்டேன். பொருளையே மாற்றிவிடும் பிழைகள் முதலில். காதுக்கு உறுத்தும் பிழைகள் அடுத்து. அறிஞர்களே இரண்டு பக்கமாக நின்று வாதிடுகிறவை கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, 'மரங்கள் சாய்ந்தது' என்பதைக் கண்டுகொள்ளாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

இது எழுத்துத் தமிழுக்கான வழிகாட்டி. பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. 'அவங்க வந்தாங்க' என்பதில் எந்தப் பிழையும் இல்லை.

படி 1: வினைமுற்றின் மேல் விரலை வையுங்கள்

தமிழில் வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைச்சொல், கடைசியில் வருகிறது. எழுவாய், அதாவது அந்த வினைக்கு உரிய ஆளோ பொருளோ, எங்கோ முன்னால் இருக்கும். நடுவில் பத்துச் சொல் வந்துவிட்டால் எழுதுகிறவருக்கு எழுவாய் மறந்துபோகும். 'போன வாரம் அடித்த காற்றில் எங்கள் தெரு முனையில் இருந்த மரங்கள் எல்லாம் சாய்ந்தது' என்று எழுதிவிடுவோம். வினைமுற்றில் விரலை வைத்து, 'எது? யார்?' என்று கேளுங்கள். எவை சாய்ந்தன? மரங்கள். அப்படியானால் 'சாய்ந்தன'.

இந்தப் பிழை இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. பேச்சில் 'மாடு மேயுது', 'மாடுங்க மேயுது' இரண்டுக்கும் ஒரே முடிவுதான். எழுத்தில் அப்படி இல்லை. இறந்தகாலத்தில் 'மேய்ந்தது, மேய்ந்தன'. நிகழ்காலத்தில் 'மேய்கிறது, மேய்கின்றன'. எதிர்காலம் மட்டும் நமக்கு உதவியாக இருக்கிறது: 'மாடு மேயும்', 'மாடுகள் மேயும்' இரண்டும் சரி. 'கின்றன' விறைப்பாக இருக்கிறது என்று நினைப்பவர்கள், பொருள் இடம் கொடுத்தால் 'பரிசுகள் வழங்கப்படும்', 'பேருந்துகள் இங்கே நிற்கும்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இதே சுற்றில் 'ஒவ்வொரு' என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒருமைதான் வரும். 'ஒவ்வொரு மாணவர்களும்' தவறு. 'ஒவ்வொரு மாணவரும்' அல்லது 'மாணவர்கள் ஒவ்வொருவரும்'. எண் முன்னால் வந்துவிட்டால் 'கள்' கட்டாயம் இல்லை. 'பத்து மாம்பழம் வாங்கினேன்' நல்ல தமிழ். 'ஐந்து பேர்கள்' என்று நீட்ட வேண்டியதும் இல்லை.

அடுத்தது 'தன்'. 'மாணவர்கள் தன் பெயரை எழுதினார்கள்' என்று நாளிதழிலேயே வருகிறது. பலர் என்றால் 'தங்கள் பெயரை'. மரியாதைக்குரிய ஒருவர் என்றால் 'தம்': 'தலைவர் தமது உரையில் சொன்னார்'. 'தலைவர் தனது உரையில்' என்று எழுதும்போது, வினைமுற்றில் கொடுத்த மரியாதையை நடுவிலேயே பிடுங்கிக்கொள்கிறோம். ஒரே கடிதத்தில் மேலே 'தாங்கள்', கீழே 'உன்' என்று வருவதும் இந்த வகைதான்.

கறாராகப் பார்த்தால் 'எனது மகன்' கூடத் தவறு. 'அது' என்ற உருபு அஃறிணை உடைமைக்கு உரியது: எனது வீடு, எனது கை. ஆட்களுக்கு 'என் மகன், என் மனைவி' போதும். கேட்பதற்கும் நெருக்கமாக இருக்கும்.

படி 2: மூன்று ன, மூன்று ல, இரண்டு ர

அந்தத் தாய்மாமனை நிற்க வைத்தது இந்தப் பிழைதான். பொருளையே புரட்டிப் போடுவதால் இதற்குத் தனிச் சுற்று வேண்டும். 'மீன் குளம்பு' என்று எழுதிய பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குளம்பு மாட்டின் காலில் இருப்பது. இலையில் ஊற்றுவது குழம்பு. 'இறங்கல் கூட்டம்' என்று போஸ்டர் அடிக்கிறார்கள். இறங்குவது மாடியிலிருந்து. இறந்தவருக்காக மனம் வருந்துவது இரங்கல். துக்க வீட்டார் பார்க்கும் போஸ்டரில் இந்தப் பிழை இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கும்.

கைபேசியில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றிக் கொடுக்கும் விசைப்பலகையில், மூன்று னகரத்துக்கும் ஏறக்குறைய ஒரே விசைதான். எது வேண்டும் என்பதை இயந்திரம் ஊகிக்கிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனி விசை உண்டு. ஒரு வாரம் விரல் பழகினால் போதும், பாதிப் பிழை தானாகக் குறையும் என்பது என் அனுபவம்.

மூன்று னகரங்களுக்கும் நம் பள்ளி வாத்தியார்கள் வைத்த பெயரிலேயே விதி இருக்கிறது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட வந்தால் அதன் முன்னால் ண்: மண்டபம், வண்டி, கண்டேன். த வந்தால் ந்: பந்து, வந்தேன். ற வந்தால் ன்: கன்று, நின்றேன். இதற்கு விலக்கே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். 'மன்டபம்' என்றோ 'கண்று' என்றோ எழுத்து இருந்தால், பொருளைப் பார்க்காமலே திருத்திவிடலாம். ங்க, ஞ்ச, ம்ப என்பவையும் இதே போன்ற கூட்டாளிகள்தான். தமிழ்99இல் இந்த இணைகளை அடுத்தடுத்து அடித்தால் புள்ளி தானே விழும்.

கூட்டாளி இல்லாத இடத்தில் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு நீர்க் குடும்பம். தண் என்றால் குளிர்ச்சி. தண் + நீர், தண்ணீர். வெம்மையான நீர், வெந்நீர். செம்மையான நீர், செந்நீர். கண்ணில் வருவது கண்ணீர். தேயிலையில் போடுவது தேநீர். அதை 'தேனீர்' என்று எழுதினால் தேன் கலந்த நீர் ஆகிவிடும். அதே போல 'முன் + நாள்' என்பது முன்னாள். 'அ + நாள்' என்பது அந்நாள். எனவே 'முன்னாள் மாணவர்' சரி, 'எந்நேரமும்' சரி, 'என்னேரமும்' தவறு.

உறையின் மேல் எழுதும் 'அனுப்புநர், பெறுநர்' என்பதிலும் பலருக்குக் குழப்பம். வினையோடு ஒட்டுவது 'நர்': ஓட்டுநர், நடத்துநர், வல்லுநர், பெறுநர். பெயரோடு வருவது 'இனர்': உறுப்பினர், குடும்பத்தினர். 'பெருநர்' என்று சின்ன ரகரம் போட்டால் பெறுவது போய்ப் பெருகுவது வந்துவிடும்.

ர, ற குழப்பத்துக்கு நான் சொல்லும் வழி, அந்தச் சொல்லின் உறவுக்காரச் சொல்லைத் தேடுவது. 'மனமார' வாழ்த்துவதா, 'மனமாற' வாழ்த்துவதா? கண்ணார, வாயார, வயிறார என்ற வரிசையில் இருக்கிற சொல் அது. ஆர என்றால் நிறைய. 'மனமாற' என்றால் மனம் மாறும்படி. மணமக்களை மனம் மாற வாழ்த்தக் கூடாது. 'என்னைப் பொறுத்தவரை' என்பதில் பெரிய றகரம். 'பல்பைப் பொருத்து' என்பதில் சின்ன ரகரம். சட்டையில் படுவது கறை, ஆற்றுக்கு இருப்பது கரை. விடுதியில் எடுப்பது அறை, கடையில் வாங்குவது அரைக்கிலோ.

லகர ளகர ழகரத்துக்குக் குறுக்குவழி இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதுதான். ஒலி காதுக்கு, ஒளி கண்ணுக்கு, ஒழி என்றால் அழி. வெல்லம் பொங்கலுக்கு, வெள்ளம் ஆற்றில். உங்களுக்கு அடிக்கடி தடுக்கும் சொற்கள் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். என் மேசையில் இன்றும் அப்படி ஒரு தாள் இருக்கிறது.

படி 3: ஒற்று

ஒற்று என்று இங்கே சொல்வது இரண்டு சொல்லுக்கு நடுவில் வரும் க், ச், த், ப் என்ற புள்ளி எழுத்தை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் பயந்து பின்வாங்குகிறார்கள். பயப்பட வேண்டாம். விதிகள் ஏராளம் என்பது உண்மை. ஆனால் அன்றாட எழுத்தில் வரும் இடங்கள் கொஞ்சம்தான்.

முதலில், இது ஏன் முக்கியம் என்று பார்த்துவிடலாம். 'கத்தி கொண்டு வந்தான்' என்றால் கையில் கத்தி. 'கத்திக்கொண்டு வந்தான்' என்றால் வாயில் கூச்சல். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. 'நடுகல்' வீரனுக்கு நட்டது. 'நடுக்கல்' நடுவில் கிடப்பது. ஒரு புள்ளி எழுத்து இவ்வளவு வேலை செய்கிறது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதற்கு ஓர் அடிப்படையைக் கொடுக்கிறது: 'இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் க ச த ப மிகும் விதவாதன மன்னே'. உயிரில் முடியும் சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால், தனியாக விலக்குச் சொல்லாத இடங்களில் பெரும்பாலும் ஒற்று மிகும் என்பது இதன் கருத்து. ஆக, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டும் நின்று யோசியுங்கள். மற்ற எழுத்துகளில் தொடங்கினால் இந்தச் சுற்றில் தாண்டிப் போய்விடுங்கள். வேலை அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும்.

நின்ற இடத்தில் என்ன பார்ப்பது? முன்சொல்லில் 'ஐ' அல்லது 'கு' உருபு வெளிப்படையாக இருக்கிறதா? இருந்தால் ஒற்று உண்டு. புத்தகத்தைப் படித்தேன், கடைக்குப் போனேன். முன்சொல் 'அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி' என்று இருக்கிறதா? ஒற்று உண்டு. அந்தக் கடை, எந்தப் பேருந்து, அப்படிச் சொன்னார். 'ஆக', 'என' என்று முடிகிறதா? ஒற்று உண்டு. அழகாகப் பாடினாள், வருவார் எனச் சொன்னார்கள். 'வரச் சொன்னார்', 'ஓடிப் போனான்' போல அகரத்திலும் இகரத்திலும் முடியும் வினையெச்சங்களுக்கும் (இன்னொரு வினை வந்து முடித்துவைக்கும் சொற்களுக்கும்) உண்டு.

இவற்றை மட்டும் சரியாகப் போட்டாலே உங்கள் பக்கம் சுத்தமாகத் தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன். இந்த ஒற்றுகள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'வீட்டுக்குப் போறேன்', 'அந்தப் பையன்' என்று சொல்லிப் பாருங்கள். உதடு தானாக அழுந்தும். எழுதும்போதுதான் விட்டுவிடுகிறோம்.

உகரத்தில் முடியும் வினையெச்சத்தில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 'செய்துக்கொண்டு', 'இருந்துக்கொண்டு' இரண்டும் தவறு. 'செய்துகொண்டு', 'இருந்துகொண்டு' என்பதே சரி. ஆனால் 'படித்துக்கொண்டு', 'கேட்டுக்கொண்டு' சரி. எப்படிப் பிரித்தறிவது? கடைசி எழுத்துக்கு முந்திய எழுத்தைப் பாருங்கள். படித்து, கேட்டு, பெற்று என்பவற்றில் அது த், ட், ற் என்ற வல்லின மெய். அங்கே ஒற்று மிகும். வந்து, நின்று, கொண்டு என்பவற்றில் மெல்லினம். செய்து என்பதில் இடையினம். அழுது என்பதில் உயிர்மெய். அங்கே மிகாது. அதனால்தான் 'எனக் கூறினார்' சரி, 'என்றுக் கூறினார்' தவறு.

ஒற்றை விடுவதைவிடத் தேவையில்லாத இடத்தில் போடுவது கண்ணை அதிகம் உறுத்தும். விட்டவர் அவசரத்தில் விட்டார் என்று படிப்பவர் மன்னித்துவிடுவார். 'வந்தப் பையன்', 'படித்தப் புத்தகம்', 'சிலப் பேர்' என்று போட்டால் தடுக்கி விழுவார். பெயரெச்சத்துக்கு, அதாவது ஒரு பெயர்ச்சொல் வந்து முடித்துவைக்கும் சொல்லுக்கு, பின்னால் ஒற்று வராது: வந்த பையன், படித்த புத்தகம். சில, பல என்பவற்றுக்கும் வராது: சில பேர், பல கடைகள். எண்களில் எட்டுக்கும் பத்துக்கும் மட்டும் உண்டு: எட்டுப் பேர், பத்துப் பேர். மற்றபடி ஐந்து பேர், ஏழு பேர் என்றே எழுத வேண்டும். 'தம்பி படித்தான்' என்று எழுவாய்க்குப் பின்னால் வராது. 'தம்பியோடு போனான்' என்பதிலும் வராது.

பத்திரிகை அடிக்க வருபவர்களிடம் நான் தவறாமல் பேசும் ஒரு சொல் உண்டு: 'திருவளர்ச்செல்வன்'. நம் ஊர்ப் பத்திரிகைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகிறது. வளர்ந்த, வளர்கிற, வளரும் என்று மூன்று காலத்தையும் உள்ளே அடக்கிய வினைத்தொகை அது. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறிய, ஊறுகிற, ஊறும் காயை 'ஊறுக்காய்' என்று யாரும் எழுதுவதில்லை. அது போலவே 'திருவளர்செல்வன்', 'திருவளர்செல்வி'. "தாத்தா காலத்துப் பத்திரிகையில அப்படித்தானே இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். பழைய பத்திரிகையில் இருப்பதால் மட்டும் சரியாகிவிடாது என்று பொறுமையாகச் சொல்வேன். ஊறுகாயைச் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

படி 4: பழகிப்போன சொற்கள்

'சுவற்றில் எழுதாதே' என்று சுவரிலேயே எழுதியிருக்கும். கிணறு, வயிறு, கயிறு என்று 'று' முடிவுச் சொற்கள்தான் கிணற்றில், வயிற்றில், கயிற்றில் என்று மாறும். சுவர் 'ர்' என்று முடிகிறது. பயிர், பயிரில் ஆவது போலச் சுவர், சுவரில்.

'பதட்டம்' என்று எழுதுகிறோம். பதறு என்ற வினையிலிருந்து வருவது பதற்றம். ஏறு, ஏற்றம் ஆவது போல. பூவைக் 'கோர்த்தாள்' என்று எழுதுகிறோம். வினை 'கோ', எனவே கோத்தாள். 'எண்ணை, வெண்ணை' என்று கடைப் பலகைகளில் பார்க்கலாம். நெய் என்ற சொல் உள்ளே இருக்கிறது. எள் + நெய், எண்ணெய். வெண்மையான நெய், வெண்ணெய். 'நாகரீகம்' இல்லை, நாகரிகம். 'மென்மேலும்' இல்லை, மேன்மேலும். 'அருகாமையில்' என்பதை 'அருகில்' என்று சொன்னால் சொல்லும் குறையும், 'கல்லாமை, இல்லாமை' போல எதிர்மறை 'ஆமை' ஒட்டியதா என்ற சந்தேகமும் இருக்காது.

இல்லை, அல்ல இரண்டையும் பிரித்து வையுங்கள். இருப்பை மறுப்பது இல்லை. தன்மையை மறுப்பது அல்ல. 'வீட்டில் அரிசி இல்லை.' 'இது பச்சரிசி அல்ல.' பழைய இலக்கணப்படி ஒருமைக்கு 'அன்று' வர வேண்டும்: இது பச்சரிசி அன்று. இன்றைய உரைநடையில் 'அல்ல' எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. நான் அதைத் திருத்துவதில்லை.

படி 5: ஆங்கில வாடை

இந்தச் சுற்றில் ஒரு சொல்லை மட்டும் தேடுங்கள்: மற்றும். 'அம்மா மற்றும் அப்பா மற்றும் தம்பி வந்தார்கள்' என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. 'அம்மாவும் அப்பாவும் தம்பியும் வந்தார்கள்' என்றுதான் சொல்வோம். 'உம்' என்ற ஒட்டு நம் கையில் இருக்கும்போது ஆங்கில இணைப்புச் சொல்லுக்கு மாற்றாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. எனக்கு மிக எரிச்சல் தரும் பழக்கம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிழை என்று சொல்ல முடியாத இடங்களிலும் இது வாக்கியத்தின் நடையைக் கெடுத்துவிடுகிறது.

'எங்கள் ஊர் ஐந்து கோயில்களைக் கொண்டுள்ளது' என்பதை 'எங்கள் ஊரில் ஐந்து கோயில்கள் இருக்கின்றன' என்று மாற்றுங்கள். 'அவர் ஒரு மருத்துவர்' என்பதில் 'ஒரு' தேவையில்லை, 'அவர் மருத்துவர்'. 'ஆய்வு மேற்கொண்டார்' என்பது 'ஆய்ந்தார்'. செயப்பாட்டு வினையை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. 'கடை வாடகைக்கு விடப்படும்' என்று காலங்காலமாக எழுதுகிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. 'என்னால் இந்தப் புத்தகம் படிக்கப்பட்டது' என்று ஆள் முன்னால் நிற்கும்போதுதான் 'நான் படித்தேன்' என்று மாற்ற வேண்டும்.

'ஒரு' வரும் இடத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஓர்': ஓர் ஊர், ஓர் இரவு. மற்றவற்றுக்கு 'ஒரு': ஒரு வீடு, ஒரு நாள்.

படி 6: இடைவெளியும் குறிகளும்

துணைவினையைச் சேர்த்து எழுதுங்கள்: கலந்துகொள்ள, வந்துவிட்டார், எடுத்துக்கொண்டான். 'வரும்படி சொன்னார்' வேறு, 'வரும் படி' வேறு. இரண்டாவது, அடுத்து வரும் மாடிப்படி. 'தான்' அழுத்தம் தரும்போது ஒட்டி வரும்: வந்தால்தான், அவர்தான்.

'எப்போது வருவார் என்று தெரியவில்லை?' என்று கேள்விக்குறி போடாதீர்கள். அது கேள்வி இல்லை. முற்றுப்புள்ளி போதும். ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் எதற்கும் வேண்டாம்.

படி 7: இவற்றில் சண்டை வேண்டாம்

வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா, ஏற்கெனவேயா ஏற்கனவேயா, இயக்குநரா இயக்குனரா, முயன்றாரா முயற்சித்தாரா? ஒவ்வொரு இணையிலும் முதலில் இருப்பதைத்தான் நான் எழுதுகிறேன். ஆனால் மற்றதை எழுதுகிறவரைத் திருத்தப் போவதில்லை. ஒரு கட்டுரைக்குள் ஏதாவது ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

'கறுப்பு' என்றால் கோபம், நிறத்துக்குக் 'கருப்பு' என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. தொல்காப்பியம் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று சொல்லிவிட்டு, அடுத்தே அவை நிறத்தை உணர்த்தவும் உரியவை என்கிறது. ஆக, இரண்டு பக்கத்துக்கும் இடம் இருக்கிறது. எழுத்தின் உருவமே மாறியிருக்கிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் வேறு வடிவில் இருந்தன. பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

இடம் மாறினால் வழக்கும் மாறும். யாழ்ப்பாணத்து எழுத்தில் 'ரொறன்ரோ' என்று வருவதைச் சென்னைக்காரர் 'டொரண்டோ' என்று திருத்தக் கூடாது. ஆங்கில ஒலியை எழுத அவர்களுக்கு என்று நிலைத்த முறை அது. 'கதைத்தோம்' என்று எழுதியிருந்தால் பேசினோம் என்று பொருள்; அதுவும் நல்ல தமிழ்.

பிறர் எழுதியதில் பிழை கண்டால் என்ன செய்வது? அச்சுக்குப் போகும் முன் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள். குடும்பக் குழுவில் பெரியம்மா 'மனமாற வாழ்த்துகிறேன்' என்று போட்டால், நீங்கள் 'மனமார நன்றி பெரியம்மா' என்று பதில் போடுங்கள். அவ்வளவுதான். துக்கச் செய்தியில் எந்தப் பிழையையும் திருத்த வேண்டாம்.

படி 8: ஒருமுறை முழுக்கச் செய்து பார்ப்போம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒட்டும் அறிவிப்பு போல ஒன்றை, மேலே சொன்ன பிழைகளை வைத்து எழுதியிருக்கிறேன்:

'அனைத்து குடியிருப்போர்களுக்கும் அறிவிப்பு. வருகிற ஞாயிற்று கிழமை நம் வளாகத்தில் பொங்கல் விழா மற்றும் கோல போட்டி நடைபெறும். ஒவ்வொரு வீட்டினர்களும் தன் குழந்தைகளோடு கலந்து கொள்ள வேண்டும். வெற்றி பெற்றப் பெண்களுக்கு பரிசுகள் வழங்கப்படுகிறது. வண்ணப் பொடி சுவற்றில் படக்கூடாது. எங்களை பொருத்தவரை எல்லோரும் வந்தால் தான் விழா சிறக்கும். மனமாற வரவேற்கிறோம்.'

முதல் சுற்று, வினைமுற்றும் எண்ணும். 'பரிசுகள் வழங்கப்படுகிறது' என்பது 'வழங்கப்படும்' ஆகிறது. 'ஒவ்வொரு வீட்டினர்களும்' என்பது 'ஒவ்வொரு வீட்டினரும்'. 'தன்' என்பது 'தங்கள்'. 'குடியிருப்போர்' ஏற்கெனவே பன்மை. 'களுக்கும்' வேண்டாம், 'குடியிருப்போர் அனைவருக்கும்' என்று மாற்றினால் முதல் ஒற்றுப் பிழையும் சேர்ந்து போய்விடும். இரண்டாம் சுற்றில் 'பொருத்தவரை', 'மனமாற' இரண்டும் சிக்கும். மூன்றாவதில் 'ஞாயிற்று கிழமை', 'கோல போட்டி', 'பெண்களுக்கு பரிசுகள்', 'எங்களை' நான்கும் ஒற்றுக் கேட்கின்றன. 'பெற்றப் பெண்களுக்கு' என்பதில் பெயரெச்சத்தின் பின்னால் நிற்கும் ஒற்றை எடுக்க வேண்டும். நான்காவதில் சுவர். ஐந்தாவதில் 'மற்றும்'. ஆறாவதில் 'கலந்து கொள்ள', 'வந்தால் தான்'.

ஐந்து நிமிட வேலை. இப்போது படித்துப் பாருங்கள்:

'குடியிருப்போர் அனைவருக்கும் அறிவிப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் வளாகத்தில் பொங்கல் விழாவும் கோலப் போட்டியும் நடைபெறும். ஒவ்வொரு வீட்டினரும் தங்கள் குழந்தைகளோடு கலந்துகொள்ள வேண்டும். வெற்றி பெற்ற பெண்களுக்குப் பரிசுகள் வழங்கப்படும். வண்ணப் பொடி சுவரில் படக்கூடாது. எங்களைப் பொறுத்தவரை எல்லோரும் வந்தால்தான் விழா சிறக்கும். மனமார வரவேற்கிறோம்.'